கூம்பு

கயானி ஊருக்கு வெளியே, பைன் காட்டுக்குள்
வருடம் முழுக்க வழுக்கும் ஒரு சாலை இருக்கிறது.
எங்கும் போகாத சாலை.
அதற்குத் தண்ணீர் விடுவது என் வேலை.
ரப்பர் மூஸ் விழுந்தால்
எழுப்பி நிறுத்துவதும்.

அது எத்தனை முறை செத்தது என்று
கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுவந்தேன்.
எழுநூறு தாண்டியதும் விட்டுவிட்டேன்.

முன்பு இங்கே வித்தை சொல்லிக்கொடுத்தார்கள்.
வண்டியின் பின்புறம் விலகினால் ஸ்டியரிங் எந்தப் பக்கம்,
பிரேக்கிலிருந்து காலை எப்போது எடுப்பது.
பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.
மூன்றாம் சுற்றில் சிரித்துக்கொண்டே
வண்டியை நேராக்கினார்கள்.
கைதட்டினோம், நானும்தான்.
அந்தச் சிரிப்போடு அவர்கள் வீடு திரும்பிய சாலைகளில்
மூஸை எழுப்பி நிறுத்த
ஆள் கிடையாது.

இப்போது பாடம் வேறு.
வித்தை இல்லை, ஒரு கூம்பு.
"ஐம்பதில் வருகிறாய். இந்தக் கோட்டில் பிரேக்.
எங்கே நிற்பாய்? போய் வைத்துவிட்டு வா"
என்கிறாள் சைமி.
புதிதாக வந்தவள், என்னைவிடச் சின்னவள்.
அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டாள்.

அக்டோபர் கடைசி. நாலரைக்கே இருட்டு.
இன்று ஏழு பேர்.
ஒக்கோ பத்தடி நடந்து வைத்தான்,
சாப்பாட்டு மேஜையில் உப்பு வைப்பதுபோல.
வெய்க்கா காலால் அளந்தான்,
உதட்டுக்குள் எதையோ பெருக்கினான்.
துயிஸ்கு எல்லோரையும் விட இரண்டு மடங்கு தள்ளி வைத்தாள்.
பையன்கள் சிரித்ததும் மறுபடி போய்
கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.
அந்தக் கொஞ்சம்தான்
எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏழு கூம்பும் சாய்ந்தன.

"அறுபதில் வைத்துப் பாருங்கள்."
"பத்துதானே கூட" என்றான் ஒக்கோ.
பத்து என்றால் எவ்வளவு என்று வண்டி சொன்னது:
கூம்பைத் தாண்டி, மூஸைத் தாண்டி,
ஹோஸ் குழாயோடு நான் நின்ற வேலியைப் பார்த்து
பக்கவாட்டில், அவசரமே இல்லாமல் வந்து
சரளை மேட்டில் மூக்கைப் புதைத்தது.
கண்ணாடிக்குள் அவன் முகத்தில்
பதினெட்டு வயது போய்
எட்டு வயது உட்கார்ந்திருந்தது.
நான் தலையாட்டினேன்.
அவன் தலையாட்டவில்லை.

பின்சீட்டுக்கும் இப்போது பாடம் உண்டு.
"மெதுவாப் போ."
இரண்டே சொல்.
பாட்டு அலறும்போது,
ஓட்டுகிறவன் உன் நண்பனாக இருக்கும்போது,
மற்ற இரண்டு பேர் இன்னும் வேகம் கேட்கும்போது
சொல்ல வேண்டும்.
கண்ணாடியை இறக்கிவிட்டு
மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.
வெய்க்கா அதை ஒரு நகைச்சுவையாக்கிச் சொன்னான்.
"அது கணக்கில் வராது" என்றாள் சைமி.
துயிஸ்குவுக்கு முதல் தடவை வெறும் காற்று வந்தது.
அடுத்த தடவை இருமல்போல ஏதோ.
அதற்கடுத்த சுற்றில் அவள் சொன்ன சொல்
காட்டுவிளிம்பு வரை போய்த் திரும்பியது.
யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.
நான் குழாயைக் கீழே வைத்துவிட்டேன்,
ஏன் என்று தெரியவில்லை.

மூஸைத் துடைத்துக் கொட்டகையில் சாத்தினேன்.
ஒரு காது போயிருந்தது.

எனக்கும் பழைய பாடம்தான்.
மூன்றாம் சுற்றில் நானும் சிரித்தவள்.
பத்து வருடமாக இதே வழியில் வீட்டுக்குப் போகிறேன்,
பலகை எண்பது என்கிறது, நானும் எண்பது.
இன்றிரவு விளக்கு எட்டுகிற தூரத்தில்
மனதுக்குள் ஒரு கூம்பு வைத்துப் பார்த்தேன்.
சாய்ந்தது.
எழுபதில் இன்னொன்று.
அதுவும்.

அறுபதில் போய்க்கொண்டிருந்தேன்.
பின்னால் மரலாரி ஒன்று நெருங்கி வந்து
விளக்கை அடித்தது, மறுபடி அடித்தது.
அடிக்கட்டும்.