பாணனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி

மறவனுக்குப் பன்னிரண்டு.
மந்திரவாதிக்கு ஆறுதான், ஆனால் அவனிடம் நெருப்பு இருக்கிறது.
கள்வனுக்கு எட்டும் கொஞ்சம் இருட்டும்.
பாணன் என்ற கட்டத்தில் மட்டும்
மூன்று மாதமாகக் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.

கொளத்தூரில் இரண்டாம் மாடி.
கீழே வண்ணமீன் கடையின் மோட்டார்கள்
ராத்திரியெல்லாம் தண்ணீருக்குள் முணுமுணுக்கும்.
பகலில் நான் மோதி நசுங்கிய கார்களுக்கு
இழப்பீடு கணக்குப் போடுகிறவன்.
இரவில் இல்லாத நாடுகளுக்குச் சட்டம் எழுதுகிறேன்.

முதல் வரைவில் அவன் பாடினால்
பக்கத்தில் நிற்பவனின் வாளுக்கு இரண்டு கூடும்.
அவ்வளவுதான்.
ஷம்ஷாத் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் காலி.
"இவன் என்ன, கல்யாண மண்டபத்து ஏசியா?
ஓடினா நல்லாத்தான் இருக்கும்.
அதைப் பார்க்கவா யாராவது மொய்யோட வருவாங்க?"

இரண்டாம் வரைவில் யாழுக்கு ஏழு மந்திரம்:
உறக்கம், மயக்கம், புண் ஆற்றல், இன்ன பிற.
மந்திரவாதியின் பழைய சட்டையைப்
பிடித்துத் தைத்தது போல
தோளில் தொங்கியது.

மூன்றாவதில் பசியைச் சேர்த்தேன்.
வயிறு காய்ந்த ஒவ்வொரு நாளுக்கும்
பாட்டு ஒரு படி ஏறும்.
"அப்போ சோறு போடாம வெச்சா
நல்லா வேலை செய்வான்?
எங்க கம்பெனிக்கு இதை அனுப்பிடாத மச்சான்"
என்று டைட்டஸ் சொன்ன அன்றே அழித்தேன்.
அழித்தது சரியா என்று
இன்னும் தெரியவில்லை.

வசைக்கும் ஒரு விதி இருந்தது.
அறம் வைத்துப் பாடினால் அரண்மனை பற்றி எரியும்,
இருபது பக்கப் பகடையில் இருபதே விழுந்தால்.
அதாவது ஐந்து சதவீத அறம்.
"ஜாஸ்தி" என்றாள் ஷம்ஷாத்.

ஞாயிற்றுக்கிழமை பாணன் தாள் கஜபதிக்குப் போனது.
கடைசியாக வந்தவன், மிச்சம் இருந்தது அதுதான்.
கடன் வசூல் அலுவலகத்தில் அவனுக்கு வேலை.
காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க
பெயர் சொல்லிக் கூப்பிடுவான்,
தவணை தவறியவர்களை, முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு.

ஆட்டத்தில் நான்தான் அரசன்.
ஏரியைத் தூர்த்து மாளிகை கட்டியவன்.
எனக்கு ஐந்து அசையில் ஒரு பெயர்,
அதன் முன்னால் நான்கு பட்டம்.
இரண்டு வாரம் செதுக்கியது.
பொன்தாமரையைத் தட்டில் வைத்துச் சொன்னேன்:
"பாணனே, என் பெயரைப் பாடு."

கஜபதி பகடையைத் தொடவில்லை.
பரோட்டா சால்னா ஒட்டிய விரலால்
தாளை மேலிருந்து கீழே தடவினான்.
"பாடாம இருக்கலாமா?
அதுக்கு எவ்ளோ விழணும்?"

அப்படி ஒரு விதி இல்லை.
மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.
வாய் தானாகச் சொன்னது:
பாணன் ஒரு பெயரைப் பாட மறுத்தால்
ஆட்டம் முடியும்வரை இந்த மேசையில்
யாரும் அதைச் சொல்லக் கூடாது.
நான் உட்பட.

பிறகு எல்லாம் கோணலாகப் போயிற்று.
கட்டியக்காரன் வாயில் வந்து நின்று
"வருகிறார், வருகிறார்" என்றான். யார் என்று சொல்ல முடியவில்லை.
வரி ஓலையில் கையெழுத்துக்கு மேலே வெற்றிடம்.
யாருக்காகச் சாக வேண்டும் என்று
படைத்தலைவன் என்னையே கேட்டான்.
நான் "அவருக்காக" என்றேன்.
டைட்டஸுக்குப் புரையேறி டீ மூக்கில் வந்தது.
காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது
யாரென்று நான்கூடத் தீர்மானிக்கவில்லை.
பகடையோ ஒன்பது மணியிலிருந்தே
தண்ணீர் கேனுக்கு அடியில் கிடந்தது.

செருப்பு மாட்டும்போது கஜபதி கேட்டான்,
"இவனுக்கு லைஃப் எவ்ளோ போட்டிருக்க?"

"நாலு."

"எலிக்கே அஞ்சு குடுத்திருக்கியேடா."

கூட்டவா என்று கேட்டேன்.
மறுநாள் காலை ஒன்பதுக்கு அவனுக்கு ஷிஃப்ட்,
அறுபது பெயர்கள்.
படியில் இரண்டு எட்டு இறங்கியவன்,
"வேணாம், விடு" என்றான்.