நாலு மில்லிமீற்றர்

படத்தை வெளிச்சத்தில் பிடித்து
பேனை முனையால் தொட்டார் கண்டி டொக்டர்.
மூளைக்குப் போகிற குழாயொன்றில் சின்ன வீக்கம்,
மிளகளவு.
தலை வலித்ததா? இல்லை.
கண் இருட்டியதா? இல்லை.
நர்ஸ் தமிழில் சொன்னாள்:
தொட்டாலும் ஆபத்தாம், விட்டாலும் ஆபத்தாம்,
இப்போதைக்கு விடுவதுதான் சின்ன ஆபத்தாம்.
அடுத்த வருசம் வந்து இன்னொரு படம்.

அம்மா நாற்பத்தொரு வயதில்
கூடையோடு குனிந்தவள் நிமிரவில்லை.
மருதவேல் அண்ணன் கொழும்புக் கடையில்
ரொட்டிக்கு மாப்பிசைந்தபடி.
இரண்டு பேர் போன வீட்டில்
மிச்சமிருப்பவர்களையும் பார்க்க வேண்டுமாம்.

பதினாறு வருடம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறேன்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று
கழித்தே எழுதிப் பழகிய கை.
இந்த நாலில் எதைக் கழிப்பது?

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், கருவாட்டை விட்டேன்.
பிரஷர் மாத்திரை இரவு எட்டுக்கு.
புகைக்கவே கூடாதாம்.
நானா புகைக்கிறேன்?
காம்பராவில் ஈர விறகு புகைக்கிறது.

லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு.
அதிகாரிகள் இரண்டு முளையடித்து
நடுவே கம்பி கட்டியிருக்கிறார்கள்.
பெருமழை விட்டதும் ஜீப்பில் வந்து அளந்து
நகரவில்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள்.
அதற்குக் கீழேதான் மகள் பெரியவளானாள்.
அதற்குக் கீழேதான் கோழி பதினொரு குஞ்சு பொரித்தது.
அளந்தால் மலை நின்றுவிடுமா என்று
அந்த ஜீப்பை ஏசியிருக்கிறேன்.
இந்த முறை தேத்தண்ணி கொடுத்தேன்.

தங்கை பாக்கியவதி ஸ்கேனுக்கு வரமாட்டாளாம்.
'சும்மா கெடக்குற குளவிக்கூட்ட
நீ ஏன் கலைக்கிற?'
'கலைக்கல புள்ள.
எந்த மரத்துல இருக்குன்னு பாத்துட்டுத்தானே
நெரைக்குப் போறோம்.'
ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நேற்றிரவு கரண்டு போய்
முகம் தெரியாத நேரத்தில் கேட்டாள்:
'அது வலிக்குமா?'
'வலிக்காது. சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள
கோச்சி நின்னுட்டா எப்பிடி, அப்பிடி.
சத்தம்தான். அசையாமப் படுத்திருக்கணும்.'

அடுப்பை ஊதினாள், வெகுநேரம்.
எரிந்துகொண்டிருந்த அடுப்பு அது.

'கண்டி பஸ் எத்தன மணிக்கு?'
நாலே முக்காலுக்கு என்றேன்.
ஐந்தேகாலுக்குத்தான்.
இவளுக்கு எப்போதும்
அரை மணி முந்திச் சொல்ல வேண்டும்.