இடப்பக்கம் இழுக்கும் ஓட்டம்

அம்மாக்களுக்கு ஐம்பது மீட்டர் என்று
மைக்கில் சொன்னதும்
தன்விகா என் முந்தானையை இழுத்து
இடுப்பில் செருகிவிட்டாள்.
ஞாயிற்றுக்கிழமை. மங்கலம் ரோட்டுப் பள்ளிக்கூடம்.
நேற்று வாங்கிய வாரச் சம்பளம் குட்டிப் பர்ஸில்,
கொடுத்து வைக்க ஆளில்லை,
ஜாக்கெட்டுக்குள் அதோடேயே போய் நின்றேன்.

சுண்ணாம்புக் கோடு போட்ட பாதை ஏழு.
எனக்கு நான்காவது.
இடது பக்கம் பேக்கரிக்காரர் வீட்டு சுகந்தி.
வலது பக்கம் ஓர் ஒடிசாப் பெண்,
பெயர் கேட்டேன்,
சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டது.

படித்த காலத்தில் நான் ஓடியதில்லை.
பி.டி. பீரியடில் பையன்களுக்குப் பந்து.
எங்களுக்கு
அவர்கள் கழற்றிப்போட்ட சட்டைகளுக்குக் காவல்.
முப்பத்தேழு வயதில் இன்றைக்குத்தான்
பைக்கில் பின்னால் உட்காராமலே
முகத்தில் காற்று அடித்தது.

பாதி தூரத்தில் சுகந்தி கத்தினாள்.
அவள் என்மேல் வந்து இடிக்கவில்லை,
நான்தான் அவள்மேல் போய்க்கொண்டிருக்கிறேன்.
மனசு நேராகத்தான் போகிறது.
உடம்பு இடப்பக்கம் இழுக்கிறது,
வலத்து மாடு மட்டும் தீனி தின்ற வண்டி மாதிரி.
என் கோட்டைத் தாண்டி, அவள் கோட்டையும் தாண்டி
கொடிக்கம்பத்தைப் பிடித்துத்தான் நின்றேன்.
"நாகமணிக்கா, ஃபினிஷிங் அங்க இருக்குதுங்கொ!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
சிரிப்பு அடங்கிய பிறகும்
இளைப்பு அடங்கவில்லை.

ஜெயித்தது ஒடிசாப் பெண்.
எவர்சில்வர் டப்பா வாங்கும்போது
மைக் சொல்லித்தான் தெரிந்தது, சஸ்மிதா.

பி.டி. டீச்சர் ரெஜினா சிரிக்கவில்லை.
என்னைவிடப் பத்து வயசு சின்னவர்.
மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து
"சேலையக் கொஞ்சம் தூக்குங்க்கா" என்று
கெண்டைக்காலில் டேப்பைச் சுற்றினார்.
வலது பதினாலே கால்.
இடது பதின்மூன்று.
எத்தனையோ நாட்டுக்காரன் கழுத்தை அளந்தாயிற்று,
என்னை ஒருத்தர் அளப்பது முதல் தடவை.
"என்ன வேலைங்க்கா?"

பவர் மிஷின். கழுத்துப் பட்டி.
பதினாறு வருஷம், ஒன்றரை ஷிப்ட்.
வலது பாதம் மிதிக்கும்.
வலது முழங்கால் தள்ளும், ஊசிக்குப் பக்கத்துக் கால் எழும்பும்.
இடது கால்
கழற்றிப்போட்ட செருப்புக்குக் காவல்.

பீஸுக்கு ஆறு மிதி, நாளைக்கு எழுநூறு பீஸ்.
அத்தனை மிதியையும் ரோட்டில் வைத்திருந்தால்
எத்தனை தைப்பூசத்துக்குப் பழனி போய்த் திரும்பியிருப்பேன்!
"அப்புறம் ஏனுங்க டீச்சர் ஐம்பது மீட்டருக்கு
நெஞ்சு இப்படி அடிக்குது?"
"கால் போச்சு, நீங்க போகலியேக்கா" என்றார்.
பர்ஸுக்குப் பின்னால்
அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது ஏழே முக்காலுக்கு
வேன் வரும்வரை
டீக்கடை முன்னால் இடது காலில் மட்டும் நிற்கிறேன்.
முதல் நாள் நாலு எண்ணுவதற்குள் விழப்பார்த்தேன்.
முதன்முதல் மிஷினில் உட்கார வைத்த
கைமடிப் பிள்ளை போல
பாதமெல்லாம் நடுக்கம்.
"ஏனுங்க்கா, வேண்டுதலா?" என்றார் டீக்கடைக்காரர்.
"ஆமாங்."
"எந்தச் சாமிக்குங்க?"
"எடது காலுக்குங்க."
பிளாட்லாக் கோமளமும் கூட நின்று பார்த்தாள்,
ரெண்டு நாள்.
மூன்றாம் நாள் போண்டா சூடாக இருந்தது.

இன்றைக்கு இருபத்தொன்று வரை வந்தேன்.
இருபத்திரண்டில் ஹாரன்.
அப்படியே இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன்.
"வெடியால நேரத்துல, வலது கால வெச்சு ஏறுங்க்கா"
என்றான் கிளீனர்ப் பையன்.
அதுக்கு ராத்திரி எட்டரை வரைக்கும் வேலை இருக்குது சாமி,
இப்பவாச்சும் சும்மா வரட்டும் என்றேன்.