கதவு எண் 7/43ஏ

டேப்போடு வந்தவர்
பங்குனியில் வந்தார்.
முற்றத்தில் நல்லமிளகு காய்ந்துகொண்டிருந்தது.
தையல் அறை, படுக்கை, அடுக்களை,
ஷீட் போட்ட கோழிக்கூடு வரை அளந்து
ஆயிரத்து நாற்பது சதுர அடி என்றார்.
பிறகு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து
'தெரு' என்றிருந்ததை அடித்துவிட்டு
'பிரதான சாலை' என்று எழுதினார்.

அரையாண்டுக்கு நானூற்றுப் பத்து கட்டிக்கொண்டிருந்தேன்.
ஆயிரத்து நூற்றி அறுபது என்று
நோட்டீஸ் வந்தது ஆனி மாசம்.
அன்றைக்கு அந்தப் பிரதான சாலை
என் வீட்டுக்குள் இருந்தது.

சாலையை இரண்டு தடவை உயர்த்தினார்கள்.
முதல் தடவை என் நடைக்கல் போனது.
இரண்டாம் தடவை கலுங்கு போனது,
ரப்பர் மேட்டிலிருந்து இறங்குகிற மழை
குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே ஓட்டை.
மேலே தார் மினுங்குகிறது.
மழைக்கு என் வீட்டு நிலைப்படிதான் தெரிந்தது.

பனங்காலவிளையில் நாங்கள்
குடிக்கக் கேட்பதும் வெள்ளம்,
கிணற்றில் கோருவதும் வெள்ளம்.
தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலருக்கு
அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும்.
எங்களுக்கு இரண்டு இருந்தது.
கலுங்கை மூடிய பிறகு
கிணற்றுக்குள் ரோட்டு வெள்ளம் இறங்கி
இரண்டும் ஒன்றாகிவிட்டது.

மனு எழுத உட்கார்ந்த ராத்திரி
ஏசுராஜன் மதில் தாண்டி வந்தான்.
"யக்கா, வெள்ளம் ஏறுதுண்ணு மட்டும் எழுதாண்டாம்.
அஞ்சு சென்ட்டும் வெலை பேசியாச்சு.
மோளுக்கு நர்சிங் பீஸ் கெட்டணும்."
போன ஆடியில்
என் தையல் மெஷினைத் தலையில் சுமந்து
அவன் வீட்டு மாடிப்படியில் வைத்தவன் அவன்.
என்ன சொல்ல.
அரை மணி நேரம் பேனாவைத் திறந்து மூடினேன்.
பிறகு எழுதினேன், வெள்ளம் என்றே.

விசாரணைக்கு சாட்சியாக
மெஷினின் மிதிபலகையைக் கழற்றி
ஒரு சாக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன்.
துரு ஒரே மட்டத்தில் கோடு கிழித்திருந்தது.
அலுவலர் அதை விரலால் தடவினார்.
நல்ல மனுஷன்தான்.
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வடிகாலுக்கு இதில் கட்டம் இல்லம்மா.
கூரைக்கு இருக்கு, தரைக்கு இருக்கு,
கட்டடத்தின் வயசுக்கு இருக்கு."
கொஞ்ச நேரம் பேன் சுற்றுவதைப் பார்த்தார்.
"வீடு கட்டி எத்தனை வருஷம்?"
பதினாலு என்றேன்.
முப்பத்திரண்டு என்று எழுதினார்.

அப்படியாக என் வீட்டுக்கு
ஒரு நிமிஷத்தில் பதினெட்டு வயது கூடி
வரி எழுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது.
உத்தரவில்
வயது உண்டு, கழிவு உண்டு, முத்திரை உண்டு,
வெள்ளம் மட்டும் இல்லை.
என் மனுவை எந்தக் கோப்பில் வைத்தார்களோ.
ஏசுராஜன் ரசீதை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டு
என் கையைப் பிடித்துக்கொண்டான்.
கலுங்கைத் தோண்ட யாரும் வரவில்லை.
எதற்கு வருவார்கள்?

மாசியில்
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது,
பக்கத்து வீட்டைப் பார்க்க.
மண் உலர்ந்து வெள்ளையாகக் கிடந்தது.
கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டே
அந்தப் பெண் என் மதிலருகே வந்து கேட்டாள்:

"இஞ்ச வெள்ளம் உண்டா?"

ஏசுராஜன் முருங்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்,
அதில் ஒரு காய்கூட இல்லை.

"உண்டு," என்றேன்.