மூலைக்கு மூலை

சமமான தகடு சும்மா இருக்காது.
இருபத்திரண்டு கேஜ், நாலடிக்கு மூன்றடி.
கைவைத்தால் வயிறு மாதிரி உள்ளே போகும்,
எடுத்தால் வெளியே வரும்.
வரும்போது ஒரே ஒரு சொல்:
டொப்.

மல்லூருக்கு அந்தப்பக்கம் சேகோ ஆலை.
முதலாளி அர்த்தநாரி முதல் நாளே சொன்னார்:
"கோடு கீடு விழக்கூடாது தம்பி.
கண்ணாடியாட்டம் இருக்கணும்."
அது சரிவராது என்று எனக்குத் தெரியும்.
முன்பணம் சட்டைப்பையில் இருந்தது.
தலையாட்டினேன்.

பதினோராம் நாள் ஃபோன்.
"உன் டக்ட் ராத்திரி பூரா கதவைத் தட்டுது.
லோடு ஏத்தற ரெண்டு பேரு வரமாட்டேங்கறான்.
முனிங்கறான்."

போய் நின்று கேட்டேன்.
ப்ளோயர் போட்டால் டொப். நிறுத்தினால் டொப்.
முனியெல்லாம் இல்லை.
காற்று வந்து தகட்டின் நடுவில் உட்காருகிறது,
பிறகு எழுந்து போகிறது.
எழுந்த இடம் குதிக்கிறது, அவ்வளவுதான்.

ஆறில் ஐந்தைக் கழற்றி டெம்போவில் போட்டாயிற்று.
ஆறாவதில் ஸ்பேனர் வைக்கும்போது
உலர்த்தும் தட்டுகளின் பக்கமிருந்து வந்தாள் பெருமாயி,
முழங்கை வரைக்கும் ஈர மாவு.
"அது ஒண்ண அப்படியே வுடு."

எதுக்கு?

"கரன்ட் போனா கண்ணசந்துருவேன்.
வந்ததும் அது தட்டும், எந்திரிச்சுத் தட்டப் பெரட்டுவேன்.
தீஞ்சா என் கூலியிலதான் புடிக்கறாங்க.
உங்களுக்கு முனி,
எனக்கு அலாரம்."

ஸ்பேனரைப் பையில் போட்டேன்.

சூரமங்கலத்தில் பட்டறை.
ஜபருல்லா ஒரு மூலையில் நூலைப் பிடிக்க
எதிர் மூலையில் நான்.
சுண்டினால் நீலக்கோடு. மாற்றி நின்று இன்னொன்று.
கணக்கு நோட்டில் இந்தக் குறியை
நிறையப் பார்த்திருக்கிறேன், சிவப்பில்.

மடிக்கும் மிஷினின் கைப்பிடியை
முழுசாகத் தூக்கினால் கெட்டது.
பால் பொங்கும்போது அடுப்பைத் திருகுவோமே, அந்த அளவு.
தகடு லேசாக முனகும். விட்டுவிடணும்.
குறுக்கே இரண்டாவது மடிப்பு விழும்போது
முதல் மடிப்பின் நடு கொஞ்சம் நசுங்கும்.
நசுங்கட்டும்.
நாலு முக்கோணமும் அங்கேதான்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்கின்றன.

மேடு ஒரு புளியங்கொட்டை உயரம்.
வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் தெரியும்.
ஜபருல்லா உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான்.
தம்.
மறுபேச்சு இல்லை.

மாட்டி முடித்ததும் அர்த்தநாரி
கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.
"என்னய்யா, என் தகட்டுல எல்லாம்
தப்பு போட்டு வச்சிருக்க?"
பெருக்கல்ங்க, என்றேன். வரவு பெருகும்.
ப்ளோயர் ஓடியது.
கடைசித் தகடு மட்டும் ஒரு தடவை பேசியது.
"அது?"
மோட்டார் சத்தம்ங்க.
பெருமாயி தட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்,
எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

பில்லில் ஆறு என்றே எழுதினேன்.
ஐந்து, வேலை செய்ததற்கு.
ஒன்று, கையை வைக்காமல் வந்ததற்கு.
ஜபருல்லாவுக்கு இது பிடிக்கவில்லை,
டெம்போ ஏறும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஆலை கேட்டைத் தாண்டவில்லை, கரன்ட் போனது.
மல்லூர் முழுக்க இருட்டு.
வடக்கே ரொம்ப தூரத்தில்
ஏற்காடு மலையில் மட்டும் நாலைந்து விளக்கு.
வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன்.
"என்னண்ணே?"
இரு.
திப்பி காய்கிற புளிச்ச வாசம்,
எங்கோ ஒரு நாய்.
அவன் பீடியைப் பாதி முடிக்கையில்
கேட் விளக்கு கண்ணைச் சிமிட்டி எரிந்தது.

டொப்.

சாவியைத் திருப்பினேன்.