ஆட்டோவில் சொல்ல வேண்டியது

முதலில் தந்த தாளில் இருபத்திரண்டு வரி.
"ஆயிரம் வருசம் வெயிலில் உட்கார்ந்திருந்த சாமி
இனி நம் காங்கேயத்துச் சமயக் காட்சிக்கூடத்தில்,
அனைவரும் வருக வருக."
தாராபுரம் ரோட்டில் ஒரு நடை போய்த் திரும்புவதற்குள்
போன் வந்தது:
சாமி வேண்டாம், சிலை என்று சொல்.

சிலை என்றேன்.
மொட்டைக்கல் மேட்டுக்காரர்கள் வண்டியை மறித்தார்கள்.
"எங்க மொட்டையனச் சிலைங்கறதுக்கு
நீ ஆரு?"
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்
அவன் மடியில்தான் எண்ணெய் ஊற்றுவார்கள்.
தலை இல்லாதவனுக்கு
மடிதான் நெற்றி.

கூடத்து அதிகாரி தரணேந்திரன் சொன்னார்
தீர்த்தங்கரர், இருபத்து மூன்றாமவர்,
முதுகில் பாம்பின் சுருளைத் தடவிப் பாருங்கள் என்று.
அதே சுருளைக் காட்டிப்
புத்தர் என்றார் கோயமுத்தூர்ப் பேராசிரியர்.
கலெக்டர் ஆபீசுக்கு மூன்று மனு.
வாசலுக்கு இரண்டு போலீஸ்.

தாள் தேய்ந்துகொண்டே வந்தது.
ஆயிரம் போயிற்று, அது வழக்கில் இருக்கிறதாம்.
சமயம் போயிற்று.
என் தொண்டைக்கு மிஞ்சியது இவ்வளவு:
கட்டணம் பத்து ரூபாய்.
குடிதண்ணீர் உண்டு.
செவ்வாய் விடுமுறை.

களத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்துகிற பெண்கள்
சிரித்துவிட்டார்கள்.
"அதெல்லாஞ் சரி, உள்ள என்னதானுங் இருக்குது?"
மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
"உக்காந்திருக்கறாருங்" என்றேன்.
ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை நானும் சீட்டு வாங்கினேன்.
மருந்து போட்டுக் கழுவியதில்
கல் புதுமாப்பிள்ளை மாதிரி கூசி இருந்தது.
எண்ணெய் மில்காரர் உபயம் கண்ணாடிப் பெட்டி;
எண்ணெய் ஊற்றக் கூடாது என்ற பலகையும்
அவர் உபயம்தான்.

முன்னால் நின்ற பெண்ணின் தோளில்
கண் செருகிய ஒரு குழந்தை.
அவள் எதையும் வேண்டிய மாதிரித் தெரியவில்லை.
குனிந்தாள்.
கல்லின் மடி இருக்கும் உயரத்தில்
குழந்தையின் நெற்றி கண்ணாடியில் பட்டது,
சில்லென்று இருந்திருக்கும்,
அழுகை நின்றது.
போலீஸ்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
வெகுநேரம்.

அவள் போனபின்
நெற்றியளவு ஒரு பிசுக்கு.
தரணேந்திரன் துணி கொண்டுவந்து துடைத்தார்.
போகவில்லை.
தண்ணீர் தொட்டுத் துடைத்தார்.

திங்கட்கிழமை புதுத் தாள் வந்திருக்கிறது.
ஒரே வரிதான் கூடியிருக்கிறது:
"கண்ணாடியைத் தொட வேண்டாம்."

காலையிலிருந்து ஆறு சுற்றுச் சுற்றியாயிற்று.
அந்த இடம் வரும்போதெல்லாம்
எனக்கு இருமல் வந்துவிடுகிறது.