இடது, நில், வலது

முதலில் பனி விழுந்த காலைகளில் மட்டும்தான் முனகியது,
சளி கட்டியவன் புரண்டு படுக்கும்போது வருகிற சத்தம்.
ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி நடுவில், ரியோனி ஆற்றுப் பாலம் இறங்கி
குத்தாய்ஸிச் சந்தைப் பக்கம் ஒடிக்கையில்
ஸ்டியரிங் பாதியில் கல்லாகி நின்றது.
பின்னிருக்கையில் முப்பது அட்டை முட்டை.
இரண்டு கையும் போதாமல் தோளையும் கொடுத்தேன்.
உடைந்தது பதினொன்று.
பேக்கரிக்கார நாத்தெலா எண்ணிச் சொன்னாள்,
எண்ணிக் கழித்தும் கொண்டாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஓப்பல்.
ஜெர்மனியில் ஒரு கிழவர் ஞாயிறு தோறும்
தேவாலயத்துக்கு மட்டும் ஓட்டியது என்றான் விற்றவன்.
விற்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கிழவரைத் தெரியும்.

பானெட்டைத் திறந்தேன்.
குப்பியில் எண்ணெய் அளவு சரி. நிறம்தான் இல்லை.
மாதுளைச் சாறாக இருக்கவேண்டியது
பால் கலந்த ரோஸ்மில்க்காக நுரைத்துக் கிடந்தது.
அந்த நுரையை அன்றைக்கே படிக்கத் தெரிந்திருந்தால்
இத்தனை அலைச்சல் இல்லை.

பெல்ட் என்றான் மாமுக்கா. மாற்றினேன்.
பம்ப் என்றான் பழைய சாமான் விற்கும் தெங்கிஸ்.
ஒரு மாத முட்டைக் காசு. மாற்றினேன்.
வந்த பம்பும் போன பம்பின் குரலிலேயே அழுதது.
மூன்றாமவன் ஒன்றும் சொல்லாமல்
வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தான்.
விலை சொல்லாமல் சுற்றுகிறவனிடம் நிற்கக்கூடாது,
சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஒழுகுகிறதா என்று
ராத்திரி முழுக்க வண்டிக்கடியில் அட்டை விரித்து வைத்தேன்.
காலையில் அதில் பூனையின் பாதம் மட்டும்.
ஒழுகாமல் என்ன ஓட்டை?

அதற்குப் பதில் தெரிந்த ஆள் ஊரில் ஒருவன்தான்.
கார் எனக்கு, கராஜ் அவனுக்கு
என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்து
இரண்டரை வருஷம் ஆகிறது.

ஜும்பெர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தான்.
குப்பியிலிருந்து பம்புக்கு இறங்கும் குழாயின் கழுத்தைக் கழற்றி
உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
கறுத்து, காய்ந்து, நகம் பட்டதும் பிளந்தது.
"எண்ணெயை வெளியே விடாது,
காற்றை உள்ளே இழுக்கும்" என்றான்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.
பழைய பம்பை நான்
இரும்புக்கடையில் எடைக்குப் போட்டிருந்தேன்.

புது வளையம் ஒரு தேநீர் விலைகூட இல்லை.
ஆனால் உள்ளே போன காற்றை வெளியேற்ற
இரண்டு பேர் வேண்டும்.
முன்சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி நிறுத்தி
எஞ்சினைப் போடாமல்
ஒருவர் முட்டும் வரை திருப்ப,
ஒருவர் குப்பிக்குள் குமிழி பார்க்கவேண்டும்.
"ஏறு" என்றான்.

இடது.
நில்.
வலது.
நில்.
பொறு, இன்னும் வருது.
இடது.

தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் முகம் இல்லை,
குரல் மட்டும்.
சொன்னதும் திருப்பினேன், திருப்பியதும் சொன்னான்.
ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட
இப்படி முறை வைத்துப் பேசியதில்லை நாங்கள்.
நடுவில் ஒருதரம் தனக்குள் சிரித்தான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
நாற்பது நிமிஷம் கழித்து
குமிழி நின்றுவிட்டது என்றான்.

எவ்வளவு என்றேன்.
"டேஷ்போர்டு டப்பாவில் என் கையுறை இருக்கும்."
இருந்தது. கொடுத்தேன்.
ஓர் அட்டை முட்டையும் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து, "இருபத்தொன்பது" என்றான்.
அதுதான் ஜும்பெர்.

திரும்பி வருகையில் அதே பாலம், அதே ஒடிப்பு.
பழக்கத்தில் தோளைக் கொடுத்துவிட்டேன்.
ஒரு விரல் போதுமாயிருந்த வண்டி
துள்ளி நடைபாதை விளிம்பில் ஏறி நின்றது.
எஞ்சினை அணைத்தேன்.
பின்னிருக்கைப் பக்கம்
திரும்பிப் பார்க்கக் கொஞ்சநேரம் தைரியம் வரவில்லை.